அன்புக்குப் பாத்திரமானவை

பாத்திரம் என்னும் சொல் தமிழில் மூன்று பொருளில் வழங்குகிறது. அடுக்களையில் அது சமைக்கவும் பரிமாறவும் உதவும் கலம். கதையிலும் நாடகத்திலும் அது கதை மாந்தர். 'அன்புக்குப் பாத்திரமானவர்', 'நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்' என்னும் வழக்கில் அது ஒன்றைப் பெறுவதற்குரிய தகுதி. 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்று சொல்லும்போது ஏந்தப்படும் கலமா, ஏந்தும் ஆளா, அவருடைய தகுதியா, எது கருதப்படுகிறது என்று பிரித்துக் காட்ட முடியாத அளவுக்கு மூன்றும் ஒட்டிக்கொள்கின்றன. வடமொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு ஈடாகக் கலம், மாந்தர், உரியவர் என்று மூன்று சொற்கள் தமிழில் உண்டு. அவற்றைப் பயன்படுத்தினால் பொருள் தெளிவாகும், ஆனால் இவ்வுரைக்குத் தேவையான அந்த ஒட்டுதல் போய்விடும்.

சென்னையின் அபிராமபுரம், மந்தைவெளி, ஆழ்வார்ப்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய பகுதிகளின் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கிவரும் சில பொருள்களும், அவ்வீடுகளின் பிள்ளைகள் படித்தும் பார்த்தும் வளர்ந்த சில சித்திர மாந்தரும் இங்கே ஒன்றாக வைத்து எண்ணப்படுகின்றனர். இரண்டும் ஒன்றுக்கொன்று தொலைவானவை போலத் தோன்றினும், அவற்றின்மேல் அன்பு படியும் முறை ஒன்றே. ஆலையில் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்தெடுக்கப்படும் தம்ளர் ஒரு வீட்டுக்கு உரியதாக ஆக வேண்டுமானால் அதன்மேல் ஓர் அடையாளம் விழ வேண்டும். வாரந்தோறும் புதிது புதிதாக வரையப்படும் சித்திர மாந்தரை எந்தப் பக்கத்தில், எந்தக் கோணத்தில் கண்டாலும் 'இவர்தாம்' என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டுமானால் அவர்மேலும் ஓர் அடையாளம் இருக்க வேண்டும். கலத்தின்மேல் அடையாளத்தை இடுபவர் அதைப் புழங்குபவர். சித்திர மாந்தர்மேல் அதை இடுபவர் ஓவியர். அன்பு முதலில் பற்றுவது இந்த அடையாளத்தைத்தான் என்பதும், பொருளும் ஆளும் அதன் வழியாகவே நெஞ்சுக்குள் வருகின்றனர் என்பதும் இவ்வுரையின் கருத்து.

சென்னை அடுக்களையில் அடையாளம் எளிதில் விழும் கலம் ஈயச்சொம்பு. இங்கே ஈயம் என்பது நஞ்சான காரீயம் அன்று, வெள்ளீயம் என்னும் மென்மையான உலோகம். அது 232 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். கொதிக்கும் ரசத்தின் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால், உள்ளே நீர்மம் இருக்கும்வரை சொம்புக்கு ஆபத்தில்லை. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு முற்றத்துக் குரலுக்குச் செவிகொடுத்துப் போனால், திரும்பி வரும்போது அடுப்பின்மேல் ஒரு பளபளக்கும் குழம்புதான் மிஞ்சும். ஆகவே புளிக்கரைசலை ஊற்றிய பின்னரே தீயை ஏற்ற வேண்டும் என்பது ஈயச்சொம்பு வைத்திருக்கும் வீடுகளில் மருமகளுக்கு முதலில் சொல்லப்படும் பாடம். கரண்டி பட்டால் நெளியும், கீழே விழுந்தால் ஒடுங்கும், இடுக்கியால் இறுக்கிப் பிடித்தால் விளிம்பு வளையும். பத்தாண்டு புழங்கிய இரண்டு ஈயச்சொம்புகள் ஒரே வடிவில் இருப்பதில்லை. அந்தச் சொம்பில் வைத்த ரசத்துக்குத் தனி மணம் உண்டு என்று அதைப் புழங்குவோர் உறுதியாகச் சொல்வர். வேதியியல் இதற்கு என்ன சொன்னாலும், அவர்கள் கூற்றை மறுத்து அந்த வீட்டில் இரண்டாம் முறை ரசம் கேட்பது அரிது.

பித்தளைக்கு வேறொரு வரலாறு. புளிப்புப் பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும். களிம்பு என்பது செம்பும் அதன் கலவைகளும் புளிப்போடும் காற்றோடும் சேர்ந்து உண்டாக்கும் பச்சை நிறப் படிவு. அதைத் தடுக்க உட்புறத்தில் வெள்ளீயம் பூச வேண்டும். துருத்தியும் கரியும் நவச்சாரமுமாகத் தெருவில் வந்து அமரும் ஈயம் பூசுபவர், பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளைப் புகை எழும்போதே ஈயத்தைத் தொட்டு, துணிச் சுருளால் ஒரே வீச்சில் உட்புறமெங்கும் இழுத்துவிடுவார். கறுத்த பாத்திரம் கண்ணெதிரே வெள்ளியாகும். பள்ளிக்குப் போகும் வழியில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு அது இலவச மாயவித்தை. எவர்சில்வர் வந்தபின் அந்த வித்தைக்கு வேலையில்லாமல் போயிற்று.

எவர்சில்வர் என்பது துருப்பிடிக்காத எஃகுக்குத் தமிழ்நாடு வைத்துக்கொண்ட பெயர்; ஒலி ஆங்கிலமாயினும் ஆங்கிலேயர் அப்பெயரால் அதை அழைப்பதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913இல் வார்த்த எஃகிலிருந்து அதன் தொழில் வரலாறு பெரும்பாலும் தொடங்கப்படுகிறது. சேலம் உருக்காலை 1981இல் அத்தகைய எஃகுத் தகடுகளை உருட்டத் தொடங்கியது. எஃகில் பத்தரை விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அது கூடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஏட்டைப் பரப்பில் உண்டாக்கும். கீறல் விழுந்தால் அந்த ஏடு தானே மீண்டும் படரும். சமையலறைப் பாத்திரங்களில் பெரிதும் பயன்படும் வகையில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கும். இதன் விளைவு, எவர்சில்வர் மூப்படைவதில்லை. களிம்பு ஏறாது, ஈயம் கேட்காது, எளிதில் நெளியாது. அன்பு செலுத்துவோருக்கு இது சற்றுச் சங்கடமான குணம். எதுவும் ஒட்டாத பரப்பில் அடையாளம் எப்படி ஒட்டும்?

பெயர் வெட்டுதல் இதற்கு விடையாக அமைந்தது. பித்தளையிலும் வெண்கலத்திலும் முன்பே இருந்த இவ்வழக்கம் எவர்சில்வர் காலத்தில் ஒரு பேரியக்கமே ஆயிற்று. தியாகராய நகர்ப் பாத்திரக் கடைகளில் பாத்திரம் வாங்கி முடித்த கையோடு, பெயர் வெட்டுபவர் முன்னால் ஒரு சிறு வரிசை நிற்கும். சிற்றுளியையும் சுத்தியையும் கொண்டு புள்ளி புள்ளியாகக் கொத்திய காலமும் உண்டு. பின்னர் வந்த மின் எழுத்தாணி, பல் மருத்துவரின் கருவியை நினைவூட்டும் ஓசையோடு அதே வேலையைச் செய்கிறது. வெட்டப்படுவது சொந்தப் பெயராக மட்டும் இருப்பதில்லை. திருமணத்துக்குத் தரப்படும் குடத்தில் தருபவர் பெயரும் நாளும் இருக்கும். சீர்வரிசைப் பாத்திரங்களில் பெண்ணின் தந்தையுடைய முதலெழுத்துகள் இருக்கும். கைமாறிக் கைமாறி வந்த தாம்பாளத்தில் இரண்டு மூன்று பெயர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு, ஒருவர் பெற்ற அன்பளிப்பை வேறொருவருக்கு அன்பளிப்பாக்கிய இரகசியம் அங்கே வெளிப்பட்டுவிடும்.

அந்த எழுத்துகளைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன், ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் முன்பக்கம் தனிக் கொம்பு இல்லாமல், யானைத் துதிக்கை போல மேலே சுழித்த ஒரே வடிவாக எழுதப்பட்டன; ணா, றா, னா ஆகியவற்றுக்கும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்தே வளைந்தது. எனவே 'கமலை' போல 'லை' என்று முடியும் பெயர் துதிக்கையோடு வெட்டப்பட்டிருந்தால், அந்தப் பாத்திரம் பெரும்பாலும் 1978க்கு முற்பட்டது, அல்லது சீர்திருத்தத்துக்குக் கை பழகாத ஒருவர் வெட்டியது. கல்வெட்டறிஞர் எழுத்தின் வடிவைக் கொண்டு காலம் கணிப்பது போலவே அடுக்களைச் சொம்பின் காலத்தையும் கணிக்கலாம். சோழர் காலத்துக் கல்லைப் படியெடுக்க வருபவர் உண்டு. சொம்பைப் படியெடுக்க வருபவர் இல்லை.

டபராவும் தம்ளரும் பெயர் வெட்டாமலேயே ஆளை அடையாளம் காட்டும் இணை. தம்ளரின் விளிம்பு வெளிப்புறம் மடங்கியிருப்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். சூடான காப்பியை விரல் சுடாமல் விளிம்பைப் பற்றித் தூக்க முடிகிறது, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவும் முடிகிறது. டபராவுக்கும் தம்ளருக்கும் இடையே காப்பியை உயர்த்தி ஊற்றும் செயலுக்கு ஆற்றுதல் என்று பெயர். நீண்ட ஒழுக்காக விழும்போது காப்பி காற்றோடு கலந்து சூடு தணிகிறது, நுரையும் கட்டுகிறது. துயரத்தில் இருப்பவரைத் தேற்றுவதற்கும் தமிழில் ஆற்றுதல் என்றே பெயர். எவர் எத்தனை முறை ஆற்றுவார், எவர் ஆற்றாமலே குடிப்பார், எவர் டபராவில் ஊற்றி உறிஞ்சுவார் என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஓசையைக் கேட்டே கூடத்தில் இருப்பவர் யாரென்று அடுக்களையில் இருப்பவர் சொல்லிவிடுவார்.

பேச்சு வழக்கு இப்பாத்திரங்களை மனிதர்களாகவே நடத்துகிறது. நிறைகுடம் தளும்பாது என்றால் அது குடத்தைப் பற்றிய பேச்சன்று. கூஜா என்பது பயணத்தில் நீர் எடுத்துச் செல்ல உதவிய திருகு மூடிக் கலம்; பெரிய மனிதர் பின்னால் அதைச் சுமந்து சென்றவரின் நினைவாகக் 'கூஜா தூக்கி' என்னும் வசவு வந்தது. கூஜா வழக்கொழிந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் தூக்குபவர்களுக்குக் குறைவில்லை. இளைய தலைமுறை கூஜாவுக்கு மாற்றாகச் சொம்பைக் கொடுத்து அந்த வசவைப் புதுப்பித்துக்கொண்டது.

கலத்துக்கே ஒரு வாழ்க்கை வரலாற்றைத் தந்த காப்பியமும் தமிழில் உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் அமுதசுரபி, மதுரையில் சிந்தாதேவி கையிலிருந்து ஆபுத்திரனுக்குக் கிடைத்து, பசித்தவர் பலருக்குச் சோறிட்டு, மணிபல்லவத் தீவில் ஆளில்லாமல் தனித்து நின்ற ஆபுத்திரனால் கோமுகிப் பொய்கையில் விடப்பட்டு, ஆண்டுக்கு ஒரு நாள் நீர்மேல் எழுந்து, இறுதியில் மணிமேகலையின் கையை அடைகிறது. புகாரில் அதில் முதல் பிச்சையை இட்டவள் ஆதிரை. உரிமையாளர் மாறுகிறார், ஊர் மாறுகிறது, கலம் தொடர்கிறது. 1948இல் தொடங்கிய தமிழ் மாத இதழ் ஒன்றுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது தற்செயல் என்று கொள்ள முடியாது.

புழங்கிய பொருளுக்கும் புழங்காத பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை ஔவையார் ஒரு தூதின்போதே சொல்லிவிட்டார். இன்றைய சென்னை அடங்கிய தொண்டை நாட்டின் மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டியபோது, அங்கே மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு வைக்கப்பட்டிருந்த வேல்களையும், நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும், தம்மைத் தூதனுப்பிய அதியமானின் வேல்களையும் அவர் ஒப்பிட்டுக் காட்டும் பாட்டு புறநானூற்றில் 95ஆம் பாட்டாக உள்ளது. புகழ்வது போலப் பழிக்கும் அப்பாட்டின் தீர்ப்பு, அழகாக வைக்கப்பட்டதைவிட முறிந்தது மேலானது என்பது. கண்ணாடி அலமாரியில் பூட்டி, விருந்தினர்க்குக் காட்ட மட்டும் வைக்கப்படும் பீங்கான் கோப்பைகளை அபிராமபுரத்து வீடொன்றில் ஔவையார் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிக்க இப்பாட்டே போதும்.

இனிச் சித்திர மாந்தர். தமிழ்க் குழந்தைக்கு முதலில் அறிமுகமாகும் சித்திர முகம் நிலவினுடையது. பிள்ளைத்தமிழ் என்பது தெய்வத்தையோ தலைவனையோ குழந்தையாகக் கற்பித்து, அக்குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும் இலக்கிய வகை. அதில் அம்புலி என்னும் பருவம், குழந்தையோடு விளையாட வருமாறு நிலவைச் சாம, பேத, தான, தண்டம் என்னும் நால்வகை வழியாலும் அழைப்பது. பாடுவதற்கு மிகக் கடினமான பருவம் என்பதால் 'அம்புலி புலி' என்று புலவர்கள் அஞ்சினர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மணல் வீடும் சிறு முரசும் பொம்மைத் தேரும் ஆகிய விளையாட்டுப் பொருள்களால் பெயர்பெற்றவை. குழந்தைப் பருவத்தைப் பொருள்களாலும் ஒரு சித்திர முகத்தாலும் அளக்கும் முறை இம்மொழிக்குப் புதிதன்று.

அந்த நிலவுக்கு மாமா முறை சொல்லி அழைத்த பெயரில்தான், நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து அம்புலிமாமாவைத் தமிழிலும், சந்தமாமாவைத் தெலுங்கிலும் தொடங்கினர். 1952இல் அங்கு ஓவியராகச் சேர்ந்த சங்கர், முழுப்பெயர் கே. சி. சிவசங்கரன், சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்றவர்; உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து, சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமாதித்தனை அவர் வரைந்த படம் மாதந்தோறும் வேதாளக் கதையின் முகப்பில் வந்தது. மூலத்தில் 25ஆக இருந்த வேதாளக் கதைகள் இதழில் நூற்றுக்கணக்காகப் பெருகியபோதும் மன்னன் அதே அடியில் நின்றான்; ஒரு காலை எடுத்து வைத்தவன் மற்றொரு காலை வைக்கவேயில்லை. 2020இல் தம் 90களின் நடுவில் சங்கர் மறைந்தபோது, அந்த ஒரு படத்தைக் கொண்டே அவரை நாடெங்கும் நினைவுகூர்ந்தனர்.

இதழ் ஓவியருக்கு நேரம் குறைவு, இடம் அதைவிடக் குறைவு. ஒருவரை நூறு முறை வரைய வேண்டியிருப்பதால் ஒரே ஓர் அடையாளத்தை அவர்மேல் ஏற்றிவிட்டு, மற்றவற்றைச் சுருக்கிக்கொள்ள அவர் கற்கிறார். 1942இல் ஆனந்த விகடனில் தேவன் எழுதத் தொடங்கிய துப்பறியும் சாம்பு, வங்கிக் குமாஸ்தாவாக இருந்து, ஒன்றும் புரியாமலே குற்றவாளிகளைப் பிடித்துப் பெரிய துப்பறிவாளர் ஆனவர். ராஜுவின் கோடுகளிலும், பின்னர்க் கோபுலு வரைந்த படக்கதையிலும் அந்த மூக்கும் அசட்டு முகமும் தெரிந்தால் போதும், இன்ஸ்பெக்டர் கோபாலன் அருகில் நின்று வியக்கப் போகிறார் என்பது வாசகருக்கு விளங்கிவிடும். ஆர். கே. லட்சுமணின் சாமானியர் 1951 முதல் வாய் திறவாமலே நின்றவர். கட்டம் போட்ட கோட்டுத்தான் அவருக்காகப் பேசியது. கல்கண்டு ஆசிரியர் தமிழ்வாணன் ஒருபடி மேலே சென்று, தாமே ஒரு சித்திர மாந்தர் ஆனார்: ஒரு தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் வரைந்துவிட்டால், நடுவில் முகமே இல்லாவிட்டாலும், தமிழ்நாட்டில் அது அவரைத்தான் குறித்தது.

ஓவியரோடு தமிழும் தன் பங்குக்கு ஓர் அடையாளத்தை இட்டது. மோனை என்பது சீர்களின் முதலெழுத்து ஒன்றிவரும் தொடை. செய்யுளுக்குரிய அந்தத் தொடையைச் சித்திர மாந்தரின் பெயர்கள் விடாமல் பற்றிக்கொண்டன. ஆனந்த விகடனில் மதன் படைத்தவர்கள் முன்ஜாக்கிரதை முத்தண்ணா, ரெட்டைவால் ரெங்குடு, சிரிப்புத் திருடன் சிங்காரவேலு. 1980களில் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு வந்த பூந்தளிர் இதழில், பம்பாயின் ஆங்கிலச் சிறுவர் இதழான டிங்கிளின் மாந்தர்கள் காக்கை காளியாகவும் வேட்டைக்கார வேம்புவாகவும் தமிழில் குடிபுகுந்தனர். வேம்பு, கண்களை முற்றிலும் மறைக்கும் தொப்பிக்காரர். புலியைக் கண்டு ஓடும் ஓட்டமே தற்செயலாகப் புலியைப் பிடித்துத் தரும். சாம்புவின் வழித்தோன்றல் என்று அவரைச் சொல்வதில் தவறில்லை. அதே இதழில் வந்த சுப்பாண்டிக்கு மோனை தேவைப்படவில்லை. திருச்சியிலிருந்து வாசகர் ஒருவர் டிங்கிளுக்கு அனுப்பிய கதைகளால் 1983இல் பிறந்தவன் அவன், தமிழ்நாட்டிலிருந்து பம்பாய்க்குப் போய், ஆங்கிலம் கற்று, பூந்தளிர் வழியாக ஊர் திரும்பியவன்.

இவர்கள் எல்லோரிலும் இவ்வுரையின் கருத்துக்கு நேர்ச்சான்றாக நிற்பவர் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தோன்றிய இக்கதையைக் கென்னத் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது இதன் தமிழ் வடிவத்தைத்தான். விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துவிடுவார். எஃகுக் கை மட்டும் மறையாது. கதவைத் திறப்பதும், சாவியைத் திருப்புவதும், பகைவன் கழுத்தைப் பற்றுவதும் ஒரு கை மட்டுமே. ஆங்கிலத் தலைப்பு அந்தக் கையை மட்டும் குறித்தது. தமிழ்த் தலைப்புக் கையை முன்னே வைத்து, மறைந்த ஆளையும் மாயாவி என்று பின்னே சேர்த்துக்கொண்டது. எஃகுக் கை என்று சொல்லாமல் இரும்புக்கை என்று சொன்னதும் நல்ல செவியின் வேலை. உலோகவியல் பிழை, தமிழ் சரி. ஆள் மறைந்தபின் பொருள் மட்டும் கண்ணுக்குத் தெரியும் இக்கற்பனை, பாட்டி மறைந்தபின் அவர் பெயர் வெட்டிய சொம்பு அலமாரியில் நிற்கும் எந்த வீட்டுக்கும் அயலானதன்று. 1985இல் தீயில் எரியும் வரை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளிலும், லஸ் பகுதியின் நடைபாதைக் கடைகளிலும், அட்டை கிழிந்த மாயாவியைப் பிள்ளைகள் தேடி எடுத்தனர்.

தொலைக்காட்சி பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2007இல் வந்த சுட்டி டிவியில் டோரா தமிழ் பேசியபோது, அவளுடைய முதுகுப்பையும் வழிகாட்டும் வரைபடமும் கூடவே வாய் திறந்து பேசின, பொருள்களே மாந்தராயின. 2008இல் ஹைதராபாத்தில் பிறந்த சோட்டா பீமுக்கு லட்டு வலிமை தருகிறது, மாலுமி பாப்பாய்க்குக் கீரை தந்ததைப் போல. பிறகு நடந்தது ஒரு தலைகீழ் மாற்றம். சித்திர மாந்தர் பொருளை ஏந்திய காலம் போய், பொருள் சித்திர மாந்தரை ஏந்தும் காலம் வந்தது: பள்ளிப்பை, தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா, எல்லாவற்றிலும் ஒட்டுப் படங்கள். அரையாண்டுத் தேர்வுக்குள் டோராவின் முகம் உரிந்து, பையில் ஒரு வெள்ளைத் திட்டு மிஞ்சுகிறது. ஆலையே அடையாளத்தையும் அச்சிட்டுத் தந்துவிட்டால், புழங்குபவர் இடுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. அத்தகைய பையைத் தூக்கி எறியும்போது எந்தப் பிள்ளையும் அழுததில்லை என்று சொல்வது மிகையாகலாம். ஆனால் அடுத்த ஆண்டு வேறொரு முகம் போட்ட பை வந்ததும் அந்த அழுகை நின்றுவிடும்.

கலமும் கதை மாந்தரும் ஒரே இடத்தில் வந்து கூடும் காலம் நவராத்திரி. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் நிரம்பும் அவ்வாரத்தில், ஒற்றைப்படை எண்ணில் படிகள் கட்டி வைக்கப்படும் கொலுவில், தெய்வங்களுக்குக் கீழே செட்டியாரும் மனைவியும் அரிசி, பருப்பு, மஞ்சள் ஆகியவற்றைச் சிறு கிண்ணங்களில் பரப்பிக் கடை விரிக்கின்றனர். சொப்புச் சாமான் என்னும் சிறு சமையல் பாத்திரங்கள் அருகே அடுக்கப்படுகின்றன. கீழ்த்தரையில் அமைத்த பூங்காவில் சோட்டா பீம் நிற்பதையும் இப்போது காணலாம். மேற்படியில் செம்மரத்தால் செய்த மரப்பாச்சி இணை. மரப்பாச்சியின் முகத்தில் தனி அடையாளம் ஏதும் இல்லை என்பது இவ்வுரையின் கருத்துக்கு எதிர்ச்சான்றாகத் தோன்றலாம். அந்த வெறுமையே அதன் தந்திரம். ஆண்டுதோறும் துண்டுப் பட்டை மடித்துச் சேலையாக்கி, மணி கோத்து நகையாக்கி, வீட்டுப் பிள்ளைகளே அதற்கு அடையாளத்தை இட வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. அன்று கத்தரிக்கோல், அரிவாள்மனை, தையல் இயந்திரம், மிதிவண்டி, கார் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, அவற்றுக்கு ஒரு நாள் ஓய்வு தரப்படுகிறது. ஜப்பானில் ஆண்டுக்கு ஒருமுறை முறிந்த ஊசிகளைத் திரட்டி, மிருதுவான சோயாக் கட்டியில் செருகி நன்றி சொல்லும் வழக்கம் உண்டு. அங்கே முறிந்ததற்கு மரியாதை, இங்கே நாளையும் வேலை செய்யப்போவதற்கு மரியாதை. அதே நாளில் வரும் சரஸ்வதி பூஜையின் அடுக்கில் வைத்த நூலை மறுநாள் எடுக்கும் வரை படிக்கக் கூடாது என்பது விதியாதலால், பிள்ளைகள் பாடநூல்கள் அனைத்தையும் பயபக்தியோடு அடுக்கில் வைத்துவிட்டு, காமிக்ஸை மட்டும் வெளியே நிறுத்திக்கொண்டனர். கலைமகள் இதை அறியாதவள் அல்லள்.

அபிராமபுரத்திலும் சுற்றுப்புறத் தெருக்களிலும் தனி வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழும்போது, பரணில் இருந்த அண்டாவும் குண்டானும் கூஜாவும் இறக்கப்பட்டு எடைக்குப் போகின்றன, அல்லது பாத்திரக் கடையில் பழையதற்குப் புதியது என்று மாற்றப்படுகின்றன. புதிய வீட்டில் அவற்றுக்கு இடமில்லை என்பது உண்மை. அவற்றை வைத்துக்கொள்ளுமாறு யாரையும் வற்புறுத்துவது நியாயமன்று. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய அச்சுத் தாள்களைக் காத்துவருவதால், சாம்புவுக்கும் அம்புலிமாமாவுக்கும் ஒரு புகலிடம் கிடைக்க வழியுண்டு. உலைக்குப் போகும் குடத்தின் கழுத்திலுள்ள பெயருக்கு அத்தகைய புகலிடம் இல்லை. எனவே பாத்திரத்தைத் தராசில் வைக்குமுன், அதைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எழுத்துள்ள இடத்தில் மெல்லிய தாளை வைத்து, பென்சில் முனையைப் படுக்கவைத்துத் தேய்த்து, பெயரையும் நாளையும் படியெடுத்துக்கொள்ளுமாறு இவ்வுரையைப் படிப்போர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். ஒரு பாத்திரத்துக்கு இரண்டு நிமிடம் போதும்.